அணிக்கு ஒரு மருமகன்

என் கலியாணத்தை எப்போது வைப்பது என்று மும்முரமாகக் கூடிக் கதைத்தவர்கள் என் வீட்டுக்காரர்கள் அல்ல. எங்கள் ஊர் உதைபந்தாட்ட அணியின் ரசிகர்கள். மொன்றியலின் பியர்பொன்ட்ஸில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளியிருக்கும் டெப்பனர் என்கிற மூலைக்கடையில், பால் வைக்கும் குளிர்ப்பெட்டிக்கும் லொத்தர் இயந்திரத்துக்கும் நடுவே நின்று ஐந்தாறு ஆண்கள் அந்த விஷயத்தை ஆராய்ந்தார்கள். அவர்களில் ஒருவர் என் அப்பா. நான் பாண் வாங்கப் போயிருந்தேன். என்னைக் கண்டதும் எல்லோரும் ஒரே நேரத்தில் வெயிலைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார்கள்.

மொன்றியலில் கோடை வந்தால் எங்கள் ஆட்களுக்குக் கால் நிலத்தில் நிற்காது. யாழ்ப்பாணத்து ஊர் ஒவ்வொன்றின் பெயரிலும் ஓர் அணி, சனிக்கிழமை தோறும் சுற்றுப்போட்டி, கடைசியில் ஒரு கப். யார் எந்த ஊருக்கு விளையாடலாம் என்பதற்கு விதி உண்டு. அந்த ஊரில் பிறந்திருக்க வேண்டும், அல்லது தாயோ தகப்பனோ அந்த ஊராக இருக்க வேண்டும், அதுவும் இல்லாவிட்டால் அந்த ஊரில் பெண் எடுத்திருக்க வேண்டும். ஊரில் பெண் எடுத்தவன் ஊர் மருமகன், அவன் தாராளமாக விளையாடலாம். அந்த விதிகளில் பெண்கள் என்று ஒரு சாதி இருப்பது தெரியவருவது அந்த ஒரே இடத்தில்தான்.

நான் உதைபந்தாட்டம் பிடிக்காத பெண் என்று யாரும் நினைக்க வேண்டாம். நடக்கப் பழகிய நாளிலிருந்து மைதானக் கோட்டருகே மடக்குக் கதிரையில் வளர்ந்தவள். ஓஃப்சைட் எது என்று அப்பாவை விட எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் அணி தோற்கும்போது எனக்கும் வயிறு எரியும். அது எரிந்துகொண்டேதான் இருந்தது, ஏனென்றால் நாங்கள் தோற்றுக்கொண்டேதான் இருந்தோம்.

அதற்குக் காரணம் மனேஜர் என்பது ரசிகர்களின் கட்சி. மனேஜர் மாநகர பஸ் ஓட்டுகிறவர், குரலை உயர்த்தாதவர், அப்பாவை விட நாலைந்து வயது இளையவர். மூன்று கோடைக்கு முன் அணியைப் பொறுப்பெடுத்ததும் அவர் செய்த முதல் வேலை, தொந்தி வைத்த மூத்தவர்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்பியது. அதில் என் சித்தப்பாவும் ஒருவர். சித்தப்பா இன்றுவரை அவர் ஓட்டுகிற பஸ்ஸில் ஏறுவதில்லை, அடுத்த பஸ் வரும்வரை குளிரில் நிற்பார். பிறகு மனேஜர் பிறந்தநாள் விழாக்களுக்கும் கோயில் அன்னதானத்துக்கும் போய், ஓடுகிற பையன்களாகப் பார்த்துப் பொறுக்கினார். பதின்மூன்று, பதினான்கு வயதுப் பையன்கள். தாய்மாரிடம் அனுமதி வாங்கி, செவ்வாய்க்கிழமைகளில் மழையென்றும் பாராமல் பயிற்சி கொடுத்தார். ஐந்து வருசம் தாருங்கள், வெளியாள் ஒருவர் கூட இல்லாமல் கப்பைக் கொண்டுவருகிறேன் என்று பொதுக்கூட்டத்தில் கேட்டார். அந்த நேரம் எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்ட ஒரு நிமிடம் போதும், ஐந்து வருசம் பொறுத்திருப்பது வேறு கதை.

முதல் கோடையில் எல்லாப் போட்டியும் தோல்வி. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் கிட்டத்தட்ட அதே. பக்கத்து ஊர்க்காரர் டொரொண்டோவிலிருந்து ஆட்களை வான் வண்டியில் ஏற்றி வந்து, இவருடைய அம்மம்மா எங்கள் ஊர், அவருடைய மனைவி எங்கள் ஊர் என்று பெயர் கொடுத்து வென்று கொண்டு போனார்கள். எங்கள் பையன்கள் ஐந்து கோல் வாங்கிவிட்டு, பிரெஞ்சில் ஒருவரையொருவர் பகிடி பண்ணிக்கொண்டு வெளியே வந்தார்கள். அதுதான் எங்கள் ஆட்களுக்குப் பொறுக்கவே முடியாமல் இருந்தது. தோற்றதற்காக அழுகிற வயது அந்தப் பையன்களுக்கு இன்னும் வரவில்லை, அழுகிற வயது எங்கள் ஆட்களுக்கு எப்போதோ வந்துவிட்டது.

டெப்பனர்காரர்தான் எதிர்க்கட்சித் தலைவர். பஸ் ஓட்டுகிறவரிடம் அணியைக் கொடுத்தால் ஒவ்வொரு தரிப்பிலும் நின்று நின்றுதான் போவார் என்பது அவருடைய நிரந்தரப் பகிடி. சிலர் மனேஜர் பக்கம் நின்றார்கள். இந்தப் பையன்களுக்குப் பதினெட்டு வயது வரட்டும், அப்போது பாருங்கள் என்றார்கள். பதினெட்டு வயது வந்தால் அவர்கள் படிக்க வேறு நகரத்துக்குப் போய்விடுவார்கள், நீங்கள் வெறும் கோல் கம்பத்தைப் பாருங்கள் என்று டெப்பனர்காரர் திருப்பிக் கொடுப்பார். உள்ளதைச் சொன்னால் நானும் அவர் கட்சிதான். வட்ஸ்அப் குழுவில் மனேஜரைப் பற்றி நான் எழுதியவற்றை இங்கே திருப்பி எழுத முடியாது.

அப்பாவின் கோபம் எல்லோரையும் விட ஆழமானது. ஒருநாள் மைதானத்தில் மனேஜர் பொறுமை என்ற சொல்லை எடுத்ததும் அப்பா கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

"பொறுமையை எங்களுக்குப் படிப்பிக்காதையும் தம்பி. அகதிக் கேஸுக்கு எத்தினை வருசம் காத்திருந்தனான் எண்டு தெரியுமோ? மனிசி வந்து சேர எத்தினை வருசம்? எல்லாத்துக்கும் வரிசையிலை நிண்டாச்சு. விளையாட்டிலையும் என்னைக் காத்திருக்கச் சொல்லுறீர்."

அந்த ஒரு நாள் அப்பா பக்கம்தான் நியாயம் என்று நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன்.

ஆனால் இதே அப்பா, என் விஷயத்தில் ஒரு வருசமாக என்னைக் காக்க வைத்துக்கொண்டிருந்தார்.

நான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு லொறிக் கம்பனியில், எந்த லொறி எந்தக் கொள்கலனை எடுக்க வேண்டும் என்று ஆள் அனுப்பும் வேலை செய்கிறேன். நான் கட்ட விரும்பியவர் கொள்கலன் முற்றத்து வாசல் அலுவலகத்தில் இருந்தார். ஒரு கொள்கலன் காணாமல் போன விஷயத்தில் தொலைபேசியில் சண்டை பிடித்துத்தான் அறிமுகம். பிரெஞ்சில் சண்டை பிடித்து, ஆங்கிலத்தில் சமாதானமாகி, பிறகுதான் இருவரும் தமிழ் என்று தெரிந்தது. அவர் நோத்ர-டாம்-த-கிரேஸில் தாய் தகப்பனோடு ஓர் அப்பார்ட்மென்டில் இருந்தார். குடும்பம் மட்டக்களப்பு. வீட்டில் சொன்னபோது அப்பா அந்தச் சொல்லிலேயே நின்றுவிட்டார். அங்கே எங்களுக்கு யாரைத் தெரியும், யாரிடம் விசாரிக்கிறது என்றார். விசாரிக்க வேண்டியவள் நான், நான் விசாரித்துவிட்டேன் என்றேன். "பேந்து பாப்பம்" என்றார், பிறகு பார்க்கலாமாம். அந்தப் பேந்து ஒரு குளிர்காலம் முழுக்க இழுபட்டது. அவர் தாய் தகப்பன் எங்கள் வீட்டுக்கு வரக் கேட்டபோதெல்லாம் அப்பாவுக்குச் சளியோ, கார் பழுதோ, உறவில் யாருக்காவது பிள்ளை பிறந்த துடக்கோ இருந்தது.

பனி கரைந்து மைதானங்கள் திறந்ததும் எல்லாம் ஒரே பின்னேரத்தில் மாறிவிட்டது. எங்கள் பையன்களின் பயிற்சியைப் பார்க்க அப்பா போயிருக்கிறார். பக்கத்து மைதானத்தில் நகர லீக் போட்டி ஒன்று. அதில் இடதுகாலால் பந்தைத் திருப்புகிற ஒரு பெடியனை அப்பாவும் டெப்பனர்காரரும் வாய் பிளந்து பார்த்திருக்கிறார்கள். அவன் தமிழ்ப் பெடியன் என்று யாரோ சொன்னார்கள். பெயரைக் கேட்டதும் அது நான் சொன்ன ஆள்தான் என்று அப்பாவுக்கு விளங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்ற முன்னமே அம்மாவிடம், அந்தப் பெடியனின் தாய் தகப்பனுக்கு எப்போது வர வசதிப்படும் என்று கேட்டார்.

நான் மடைச்சி. அப்பாவின் மனம் இளகிவிட்டது என்று நம்பினேன். கட்டப்போகிறவருக்குத் தொலைபேசி எடுத்து அழுதேன். இரண்டு குடும்பமும் வந்து போனார்கள், வடையும் கேக்கும் தின்றார்கள், அடுத்த வருசம் வைகாசியில் கலியாணம் என்று பேசி முடித்தார்கள். வைகாசி நான் கேட்டது. அவர் வேலையோடு படித்துக்கொண்டிருந்த படிப்பு அதற்குள் முடிந்துவிடும், நாங்கள் இருவரும் வீடு பார்க்கவும் நேரம் கிடைக்கும்.

பாண் வாங்கப் போன நாள் வந்தது அதற்குப் பிறகுதான். வெயிலைப் பற்றிய கதை எனக்குப் பிடிபடவில்லை. வீட்டுக்கு வந்து அப்பாவை நேரே கேட்டேன். அப்பா மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தோன்றவில்லை. கலியாணம் வைகாசியிலேயே நடக்கட்டும், எழுத்தை மட்டும் இப்போது வைத்தால் என்ன என்றார். எழுத்து என்றால் சட்டப்படி பதிவு. தாலி கட்டுவதற்கு மாதக்கணக்கில் முன்னமே எழுத்தை முடித்து வைப்பது எங்கள் ஆட்களிடம் சாதாரணம்தான். அணியில் புது ஆளைச் சேர்க்க ஆடி முதல் கிழமை வரை நேரம் இருந்தது. இங்கே பதிவுக்குச் சில கிழமைக்கு முன்னமே அரசாங்கத் தளத்தில் அறிவித்தல் போட வேண்டும் என்பதையும் டெப்பனர்காரர் தேடிப் பிடித்துவிட்டார். அதனால் உடனே தீர்மானிக்க வேண்டுமாம். எழுத்து முடிந்த ஆள் மருமகன்தானா என்று ரசிகர்களுக்குள் பெரிய வாதம் நடந்து, சுற்றுப்போட்டிக் குழுவில் ஒருவரிடம் கேட்டும் விட்டார்கள். எழுத்துப் போதும் என்று அவர் சொல்லிவிட்டார்.

எனக்கு முன்னம் வாய் திறந்தது அம்மா.

அப்பா ஆடி மாதத்தில் ஒரு நல்ல காரியமும் செய்யாத ஆள், எங்கள் ஆட்களுக்கு யூலை என்றாலே ஆடி. ஆடியில் கார் வாங்கக் கூடாது, வீடு மாறக் கூடாது. ஊர் முழுக்க யூலை முதலாம் திகதி வீடு மாறும் இந்த நகரத்தில், நாங்கள் முதன்முதலாக அப்பார்ட்மென்ட் மாறியபோது, ஆனி முடிய முன்னமே சாமான் இறக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவர். அம்மா அதைத்தான் பிடித்தாள். ஆடியில் மகளுக்கு எழுத்தோ என்று கேட்டாள். எழுத்து வெறும் கவர்மெண்ட் காகிதம், அதற்கு ஆடியும் இல்லை ஆவணியும் இல்லை என்றார் அப்பா.

"வெறும் காகிதம் எண்டா அவர் எப்பிடி உங்கட ஊருக்கு மருமகன்? மருமகன் எண்டா ஆடியிலை எப்பிடிச் செய்வியள்? ரண்டிலை ஒண்டைச் சொல்லுங்கோ" என்றாள் அம்மா.

அப்பா தொலைக்காட்சியைப் போட்டார். நான் சிரித்திருக்க வேண்டும். சிரிப்பு வரவில்லை. ஒரு வருசமாக இந்த மனிதனைப் பற்றி நான் சொன்ன எதுவும் அப்பாவின் காதில் ஏறவில்லை. அவர் நல்லவர் என்றேன், பொறுப்பானவர் என்றேன், என்னைச் சிரிக்க வைக்கிறார் என்றேன். ஒன்றும் எடுபடவில்லை. ஓர் இடதுகால் அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் சாதித்துவிட்டது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

சரி, கட்டப்போகிறவராவது என்னோடு சேர்ந்து கோபிப்பார் என்று அவரிடம் சொன்னேன். மனிதன் யோசித்துவிட்டு, எழுத்துத்தானே, எப்படியும் செய்யத்தானே போகிறோம் என்றார். விளையாட ஆசையா என்று கேட்டேன். ஆசைதான் என்றார், அதையும் ஒளிக்கத் தெரியாமல். அதோடு, தன்னை என் அப்பா தேடி வந்தது இதுதான் முதல் தடவை, அதை வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை என்றார். அந்த வசனத்தைக் கேட்டபின் அவரோடு சண்டை பிடிக்கவும் முடியவில்லை. கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் இரண்டு நாள் வேலையிடத்தில் லொறிக்காரர்கள் மேல் விழுந்தேன்.

எஞ்சியிருந்தவர் மனேஜர் ஒருவர்தான். வெளியாள் வேண்டாம் என்று மூன்று வருசம் வசை வாங்கியவர். அவரைக் குழுவில் திட்டிய நானே, அவர் இந்தத் திட்டத்தை உடைப்பார் என்று நேர்ந்துகொள்ளாத குறையாக எதிர்பார்த்தேன். பயிற்சி முடிந்த ஒரு செவ்வாய்க்கிழமை, ரசிகர்கள் அவரைச் சுற்றி நின்றார்கள். நான் அம்மா கொடுத்துவிட்ட ரோல்ஸ் தட்டோடு கொஞ்சம் தள்ளி நின்றேன். டெப்பனர்காரர் விஷயத்தை அவிழ்த்தார். இந்த ஒரு ஆள் வந்தால் கப் எங்களுக்குத்தான், எழுத்து எங்கள் பொறுப்பு என்றார். மனேஜர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். பிறகு முடியாது என்றார். இடது பக்கத்தில் விளையாடுகிற பதினாறு வயதுப் பெடியன் மூன்று வருசம் தோல்வியைத் தின்று வளர்ந்தவன், இப்போதுதான் அவனுக்குக் கால் பேசத் தொடங்கியிருக்கிறது, அவனை இருத்திவிட்டு ஒருவரை இறக்கினால் மற்றப் பையன்களும் போய்விடுவார்கள் என்றார்.

அந்த இடத்திலே நிறுத்தியிருந்தால் நான் அவருக்கு வாழ்நாள் முழுக்க ரோல்ஸ் சுட்டுக் கொடுத்திருப்பேன். அவர் நிறுத்தவில்லை.

"அண்ணை, உங்கட பிள்ளைக்கு வாற வைகாசியிலைதானே கலியாணம்? அது எனக்கு நல்ல வசதி. அடுத்த வருசம் அவரை நடுவிலை போட்டா, இந்தப் பெடியளும் முத்தியிருப்பாங்கள். நான் அப்பிடித்தான் கணக்குப் போட்டு வைச்சிருக்கிறன்" என்றார்.

கூட்டம் அதிலும் நியாயம் இருக்கிறது என்று முணுமுணுத்தது. நான் தட்டைப் புல்லில் வைத்தேன். அப்பா அவசரக்காரர், இவர் ஆறுதல்காரர், அவ்வளவுதான் வித்தியாசம். இருவரிடமும் என் கலியாணம் அணிக்கு ஆள் எடுக்கும் அலுவலாகத்தான் இருந்தது. ஒருவர் அதை இந்த வருசத்தில் போட்டிருந்தார், மற்றவர் அடுத்த வருசத்தில். என் கலியாணத்துக்கு நான்தான் நாள் குறிப்பேன் என்று சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன். ஓம் ஓம், அது உம்முடைய விருப்பம்தானே பிள்ளை என்று எல்லோரும் அன்பாகச் சொல்லிவிட்டு, அடுத்த வருச அணியில் நடுவில் யார், ஓரத்தில் யார் என்று விவாதிக்கத் தொடங்கினார்கள்.

அப்பா விடவில்லை. பொதுக்கூட்டம் கூட்டி வாக்கெடுத்து மனேஜரை மாற்றுவோம் என்று ஆள் சேர்த்தார். அந்தக் கூட்டம் நடக்கவில்லை. அதற்கு முன்னைய ஞாயிற்றுக்கிழமை நகர லீக் போட்டியில் ஒருவரும் தொடாமல், தானாகத் திரும்பியபோதே, நான் கட்டப்போகிறவரின் முழங்கால் போய்விட்டது. நான் கோட்டருகே நின்றேன். அவர் விழுந்த விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

அப்பா ஆஸ்பத்திரிக்கு வந்தார், தோடம்பழம் கொண்டு வந்தார், ஒழுங்காக விசாரித்தார். குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் வீட்டில் எழுத்து என்ற சொல் அன்றோடு நின்றது. ஒரு கிழமை பொறுத்து நானே கேட்டேன். இப்ப என்ன அவசரம் என்றார் அப்பா. கால் சுகமாகட்டும், படிப்பு முடியட்டும், வைகாசி என்றால் வைகாசிதான் என்றும் இல்லை, ஆறுதலாகப் பார்ப்போம் என்றார். பிறகு அந்தச் சொல்லையும் சொன்னார். "பேந்து பாப்பம், பிள்ளை."

குளிர்காலம் முழுக்க நான் கேட்ட அதே பேந்து. விட்டால் அது எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும். முதலில் வைகாசி ஆவணியாகும், பிறகு சளி வரும், கார் பழுதாகும், மட்டக்களப்பில் யாரைத் தெரியும் என்று திரும்பவும் முதலிலிருந்து தொடங்கும். அவ்வளவு நாளும் அவசரமில்லை என்று சொன்ன எனக்கு அன்றைக்கு அவசரம் வந்தது. மறுநாள் வேலையிடத்தில் மத்தியான இடைவேளையில் நானே அறிவித்தலுக்கு வேண்டியதை நிரப்பினேன். அவர் வீட்டுக்குக் கிட்ட, நோத்ர-டாம்-த-கிரேஸில் கலியாணம் பதிகிற ஒரு நொத்தாரிசு அம்மா சனிக்கிழமையில் எழுத்து வைக்கச் சம்மதித்தார். இரண்டு திகதி தந்தார். ஒன்று ஆவணியில், நல்ல நாள். மற்றது ஆடிக் கடைசிச் சனிக்கிழமை, சுற்றுப்போட்டியின் இறுதி ஆட்டம் நடக்கிற நாள். நான் இரண்டாவதை எடுத்தேன். வேண்டுமென்றே செய்தாயா என்று அம்மா கேட்டாள். ஓம் என்றேன். அவ்வளவு எரிச்சலில் இருந்தேன். எங்கள் அணி இறுதி ஆட்டத்துக்கு வரும் என்று அப்போது யார் கண்டது?

வந்துவிட்டது. அந்தப் பதினாறு வயதுப் பெடியன் காலிறுதியில் இரண்டு கோல் போட்டான். அரையிறுதியில் பக்கத்து ஊர்க்காரரை, டொரொண்டோ ஆட்களோடு சேர்த்து, எங்கள் பையன்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். மனேஜரில் தனக்கு எப்போதும் நம்பிக்கை இருந்தது என்று டெப்பனர்காரர் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். எனக்குச் சந்தோசமும் வந்தது, கண்மண் தெரியாத கோபமும் வந்தது. இத்தனை வருசம் காத்திருந்த இறுதி ஆட்டம், நான் பார்க்க முடியாத ஒரே நாளில்.

அந்தக் கிழமைதான் டொக்டர் அவருடைய முழங்காலைப் பற்றி முடிவைச் சொன்னார். நடக்கலாம், படி ஏறலாம், சைக்கிள் ஓடலாம். இனிப் பந்து விளையாடவே கூடாது. அவர் என் முன்னால் அழவில்லை. அப்பாவுக்கு இப்போது சொல்ல வேண்டாம், எழுத்து முடியட்டும் என்று மட்டும் கேட்டார். நான் சரி என்றேன்.

அப்பா வருவாரா என்று கடைசிக் காலைவரை எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. ஆட்டமும் எழுத்தும் ஒரே நேரம். காலையில் அப்பா வெள்ளைச் சேர்ட்டும் கறுப்பு லோங்சும் போட்டுக்கொண்டு வந்து, கார்த் திறப்பை எடுத்தார். ஆடி என்று ஒரு சொல் சொல்லவில்லை. ரசிகர்கள் எல்லோரும் மைதானத்தில் நின்ற நேரத்தில், அப்பா ஒரு சின்ன அறையில் நிமிர்ந்து உட்கார்ந்து, நொத்தாரிசு அம்மா பிரெஞ்சில் வாசித்த சட்டப் பிரிவுகளை ஒன்றும் விளங்காமல் கவனமாகக் கேட்டார். சாட்சிக்குக் கையெழுத்து வைத்தார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இவ்வளவு நாள் அநியாயமாகத் திட்டிவிட்டோமோ என்றுகூட நினைத்தேன்.

திரும்பும்போது அப்பா கார் ஓட்டினார். மாப்பிள்ளை காலை நீட்ட வேண்டும் என்று முன் இருக்கையில், ஊன்றுகோல்கள் என் மடியில், அம்மாவும் அவருடைய தாய் தகப்பனும் பின்னால் வேறு காரில். ஷெர்புரூக் வீதிக்கு வந்ததும் காரின் ஸ்பீக்கரில் அழைப்பு வந்தது. டெப்பனர்காரர். ஒன்றுக்கு இரண்டு, தோற்றுவிட்டோம் என்றார். கடைசி நேரம் வரை சமன், ஒரு நல்ல ஆள் நடுவில் இல்லாமல் போய்விட்டது, உங்கள் மருமகன் நின்றிருந்தால் கதை வேறு என்றார். அப்பா ம் என்று சொல்லி வைத்தார்.

பிறகு மாப்பிள்ளை பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"டொக்டர் எப்ப ஓடலாம் எண்டவர்? வாற கோடைக்குள்ளை சரியாயிடுமோ?"

"இல்லை மாமா. இனி விளையாடவே ஏலாதாம்."

"எப்ப சொன்னவர்?"

"இந்தக் கிழமை."

"அப்ப ஏன் முதல்லையே சொல்லேல்லை?"

"சொன்னா நீங்க இண்டைக்கு வந்திருக்க மாட்டீங்க" என்றார் அவர். அதில் கோபமே இல்லை. முற்றத்தில் கொள்கலன் இலக்கம் சொல்வது போலச் சொன்னார்.

சிக்னல் சிவப்பில் நின்றோம். இல்லை என்று அப்பா உடனே சொல்வார் என்று நான் பின்னாலிருந்து அவர் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சை விழுந்தது, கார் எடுத்தார். அடுத்த சிக்னலிலும் நின்றோம். அதுவும் பச்சையானது.

"வந்திருப்பன்" என்றார் அப்பா.

அவர் நல்ல பிள்ளை, தலையாட்டினார். அதை நம்பினாரா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. எனக்கும் நம்ப ஆசைதான். அந்தப் பதில் வர இரண்டு சிக்னல் எடுத்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.